கடலை விளாவும் புயலும் மாமாவின் சோளத்தட்டும்

2024 நவம்பர் கடைசி வாரம். காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாமா, ஆவணிக் கடைசியில் விதைத்த சோளத்தை அறுத்துக் காட்டில் பரப்பிப் போட்டிருந்தார். தட்டு காய வேண்டும், அப்புறம் கட்டுக் கட்டிப் போர் போட வேண்டும். அதே நேரம் பார்த்து வங்கக் கடலில் இலங்கையை ஒட்டி ஒரு தாழ்வு மண்டலம் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஃபெஞ்சல் என்று பெயர் வாங்கியதே, அதுதான்.

மாமா போன் பண்ணினார். "ஏன் மாப்ள, இந்த மழை நம்ம பக்கம் வருமா? தட்டப் போர் போடறதுக்கு ஆளுக் கூப்பிடறதா, இன்னும் ரெண்டு நா காய உடறதா?"

எங்கள் குடும்பத்தில் வானிலைப் பைத்தியம் நான் ஒருத்தன்தான். ஐப்பசி பிறந்தால் போதும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்காமல் தூக்கம் வராது. வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குவது தனிக்கதை. அன்றைக்கு நான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னது இது: "வராதுங் மாமா. நாலு நாளா ஆமை மாதிரி நகருது. அங்க இருக்கற சூட்டையெல்லாம் குடிச்சுத் தீத்துப்போட்டு அங்கயே செத்துப்போயிரும். நீங்க நல்லாக் காய விடுங்க."

29-ஆம் தேதி அது புயலானது. 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஏறியது நகர்ந்து தொலைந்ததா என்றால் இல்லை, அங்கேயே மணிக்கணக்கில் நின்று கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையைக் கொட்டிவிட்டு, வலுவிழந்து உள்ளே வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குப் பெய்தது. எங்கள் பக்கம் அப்படியெல்லாம் இல்லை. ஆனால் அறுத்துப் போட்ட தட்டு கறுத்துப்போக 50 செ.மீ. எதற்கு? ஒன்றரை நாள் நசநசப்பு போதும். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, எங்கே தப்புப் பண்ணினேன் என்று பார்க்கலாமென்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, நான் சொன்னதில் முதல் வார்த்தையே தப்பு. புயல் கடலின் சூட்டைக் "குடித்து"க் கடலைக் குளிர வைப்பதில்லை. குடிக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடல் குளிர்வதற்கு அது முக்கியக் காரணமே இல்லை.

புயலுக்குத் தீனி கடலின் சூடு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல்தண்ணீர் ஏறத்தாழ 26.5 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தண்ணீர் ஆவியாகி மேலே போய் மேகமாகும்போது வெளிவிடுகிற சூடுதான் அந்தச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது. புயல் போன பிறகு அதன் தடத்தில் கடல் ஒரு டிகிரியிலிருந்து ஆறு டிகிரி வரைக்கும் குளிர்ந்து கிடக்கும். கடல் வெப்பநிலைப் படத்தில் அது நத்தை போன தடம் மாதிரி நீலமாகத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து, கடலிலிருந்து போன சூடும் புயலுக்குள் வந்த சூடும் சரிக்குச் சரி என்று நானாகக் கணக்கை முடித்துவிட்டேன்.

ஜேம்ஸ் பிரைஸ் என்ற கடலியலாளர் 1981-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1975-ல் மெக்சிகோ வளைகுடாவில் எலோயிஸ் என்ற சூறாவளி, அளவுக் கருவிகளோடு நங்கூரமிட்டிருந்த ஒரு மிதவைக்குப் பக்கத்திலேயே போயிருந்தது. அந்தப் பதிவும் அவருக்குக் கையில் கிடைத்தது. மேல்தண்ணீர் குளிர்வதில் சுமார் 85 சதவீதம் அடித்தண்ணீர் மேலே கலப்பதால் வருவது, காற்றுக்குப் போகிற சூடு மிச்சம் கொஞ்சம்தான் என்று அவர் கணக்கு காட்டியது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் பொடக்காலியில் (வீட்டுப் பின்பக்கம்) விறகடுப்பில் சுடுதண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு பெரிய போசியில் அரைவாசி பச்சைத்தண்ணீர் இருக்கும், அதன் மேல் அமுச்சி கொதிதண்ணீரை மொண்டு ஊற்றுவார். அப்புறம் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து ஒரு கலக்குக் கலக்கி, "வெளாவி வெச்சுட்டேன், போய் வாத்துக்க சாமி" என்பார். ஒருநாள் அமுச்சி வெளியே யாரோ கூப்பிட்டார்களென்று போய்விட, நானே சுடுதண்ணீரை ஊற்றி, கலக்காமல், மேலாக ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். அலறின அலறலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார். அமுச்சி வந்து பார்த்துவிட்டு, "மேல சுடும், அடியில சில்லுன்னிருக்கும், கலக்காம வாத்தா வெந்துதான போவும்" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுக் கலக்கினார். போசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை, சூடு எங்கேயும் ஓடவில்லை, ஆனால் மேல்தண்ணீர் சட்டென்று இதமாகிவிட்டது.

கடல் என்பது கலக்காத போசி. வெயில் மேலேதான் விழுகிறது, சூடான தண்ணீர் லேசானது, அதனால் மேலேயே மிதக்கிறது. எங்கள் பக்கக் கடலில் முப்பது, ஐம்பது மீட்டர் ஆழம் வரை ஏறக்குறைய ஒரே சூடு, அதற்குக் கீழே படிப்படியாக இல்லை, மளமளவென்று இறங்கும். நூறு மீட்டரைத் தாண்டினால் 20 டிகிரியை நெருங்கிவிடும். புயல் செய்வது அமுச்சியின் கை வேலை.

இந்த அடுக்கைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை, கொங்கு நாட்டில் கிணற்றில் நீச்சல் பழகின யாருக்கும் கால் சொல்லும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தால் மாமா தோட்டத்துக் கிணற்றில் சித்திரையிலும் இருபத்தைந்து அடி நிற்கும். மத்தியானம் இறங்கினால் கழுத்தளவில் வெதுவெதுப்பு, கணுக்காலில் சில்லிப்பு. போன சித்திரையில் பிராயச்சித்தம் போல ஒரு காரியம் செய்தேன். மீன்தொட்டிக்கு வைக்கிற சின்ன வெப்பமானியை வாங்கி, கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினேன். முதல் தடவை முட்டாள்தனம். கீழே என்ன காட்டினாலும் மேலே இழுத்து வருவதற்குள் மேல்தண்ணீர்ச் சூட்டுக்கு ஏறிவிடுகிறது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் அதைப் போட்டு, கல் கட்டி, ஓட்டை போட்டு இறக்கி, பத்து நிமிஷம் விட்டு, பாட்டில் தண்ணீரோடேயே இழுத்தேன். மேலே 31, பதினைந்தடி கீழே 27. (அந்தக் காலத்துக் கடலாராய்ச்சிக்காரர்களும் இதே தொல்லைக்குத்தான் நான்சன் குப்பி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஆழத்தில் குப்புறக் கவிழ்த்தால் குப்பி மூடிக்கொள்ளும், கூடக் கட்டின வெப்பமானியில் பாதரச இழையும் அதே இடத்தில் அறுந்து நிற்கும். என் பாட்டிலைவிடக் கெட்டிக்காரத்தனம்.)

அப்புறம் மாமா பேரன்கள் ஆறு பேர் படிக்கட்டிலிருந்து ஒரு மணி நேரம் குதித்தார்கள். நான் சொல்லித்தான் குதித்தார்கள் என்று இல்லை, சொல்லாவிட்டாலும் குதிப்பார்கள். மறுபடி அளந்தால் மேலே 29. ஒரே வாளித் தண்ணீரும் வெளியே போகவில்லை.

ஆனால் கிணற்றில் குதிக்கிற மாதிரி புயல் கடலில் குதிப்பதில்லையே, வெறும் காற்று எப்படி நூறு மீட்டர் ஆழம் வரை கலக்கும்? அலையடிப்பு மேலே கொஞ்ச ஆழத்துக்குக் கலக்கும், அவ்வளவுதான். பெரிய வேலையைச் செய்வது ஓட்டம். காற்று மேலடுக்கு முழுவதையும் ஒரு பலகை மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது, கீழடுக்கு அசையாமல் கிடக்கிறது. விரித்திருக்கிற பவானி ஜமுக்காளத்தின் மேல் இன்னொரு ஜமுக்காளத்தைப் போட்டு வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், அடியில் இருப்பது சுருண்டு சுருண்டு மேலே வரும். அடுக்குகள் உரசுகிற இடத்தில் தண்ணீர் அப்படித்தான் சுருண்டு, குளிர்ந்த அடித்தண்ணீரை மேலே இழுத்துக் கலக்கிறது. 2004-ல் அட்லாண்டிக்கில் ஃபிரான்சஸ் சூறாவளிக்கு முன்னால் விமானத்திலிருந்து மிதவைக் கருவிகளைப் போட்டு இதை நேராகவே அளந்தார்கள். புயல் தலைக்கு மேல் போகப் போக அந்தக் கலங்கல் கீழே இறங்கிக்கொண்டே போய் நூறு மீட்டரைத் தாண்டியது, மேல்தண்ணீர் இரண்டு டிகிரிக்கு மேல் குளிர்ந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று. அந்தக் குளிர்ந்த தடம் புயல் போன பாதையின் நடுவில் இருக்காது. நம் வடகோளத்தில், புயல் போகிற திசையைப் பார்த்து நின்றால், வலது கைப் பக்கம் ஒதுங்கி இருக்கும். வலது பக்கம் காற்றும் வேகம், அது ஒரு காரணம். இன்னொன்று அழகானது. பூமி சுழல்வதால், தள்ளிவிட்ட கடல்நீர் நேராகப் போகாமல் வலப்புறமாக வளைந்து, விட்டால் வட்டமே அடிக்கும். சென்னை இருக்கிற 13 டிகிரி அட்சரேகையில் ஒரு வட்டத்துக்குச் சுமார் 53 மணி நேரம், 30 டிகிரியில் சரியாக ஒரு நாள். புயல் கடந்து போகும்போது அதன் வலது பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காற்றும் அதே வலப்புறச் சுற்றில் திசை மாறிக்கொண்டே போகும். ஆடி நோம்பிக்குத் தூரி (ஊஞ்சல்) ஆடியிருப்பீர்கள் அல்லவா, தூரி போகிற போக்கில் பின்னாலிருந்து தள்ளினால் மேலே மேலே போகும். வலது பக்கம் காற்று அப்படித் தண்ணீரைத் தாளம் பார்த்துத் தள்ளுகிறது. இடது பக்கம் காற்று எதிர்ச்சுற்றில் மாறும், வருகிற தூரியை மறித்துப் பிடிக்கிற மாதிரி. அதனால் வலது பக்கம் ஓட்டமும் அதிகம், உரசலும் அதிகம், குளிரும் அதிகம்.

சரி, நிற்கிற புயலுக்கு வருகிறேன், தட்டு நனைந்தது அங்கேதான்.

ஓடுகிற புயல் பிழைத்துக்கொள்ளும். அது கலக்கிக் குளிரவைத்த தண்ணீர் பெரும்பாலும் அதற்குப் பின்னால் கிடக்கும், முன்னால் எப்போதும் புதுச் சூடு. மெதுவாக நகர்கிற புயலுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. சுழல்காற்று மேல்தண்ணீரை நடுவிலிருந்து வெளியே வெளியே தள்ளிக்கொண்டிருக்க, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் ஏறி வரும். அதற்கு நேரம் வேண்டும், நின்றால்தான் நேரம் கிடைக்கும். 2000-ல் தென்சீனக் கடலில் காய்டாக் என்ற புயல் மூன்று நாள் போல ஒரே இடத்தில் உழன்றதில் கடல் 9 டிகிரி குளிர்ந்தது. ஆழத்துச் சத்து மேலே வந்ததில் அங்கே பாசிநுண்ணுயிர்கள் ஏகமாகப் பெருகிக் கடல் நிறமே மாறியது. ஒரு புயல் விட்டுப்போன குளிர் அடுத்த புயலையும் பதம் பார்க்கும். 1998 ஆகஸ்டில் அட்லாண்டிக்கில் பானி என்ற சூறாவளி போன தடத்தைக் குறுக்கே வந்த டேனியல் கடக்கும்போது வலுவிழந்தது. நேர்மாறான கதை 2005-ன் கத்ரீனா. மெக்சிகோ வளைகுடாவில் சூடான தண்ணீர் ரொம்ப ஆழம் வரை இருக்கிற நீரோட்டத்தின் மேல் அது போனது. அங்கே அடிவரைக்கும் கலக்கினாலும் சூடுதான் வரும், கொதிதண்ணீரில் கொதிதண்ணீரை விளாவின மாதிரி. சூறாவளிகளில் மிக வலுவான ஐந்தாம் வகைக்கு ஏறியது.

ஆக "நின்றால் சாகும்" என்று நான் மாமாவிடம் சொன்னது வெறும் உளறல் இல்லை. ஆனால் மூன்று விஷயத்தைக் கவனிக்காமல் விட்டேன்.

கலக்குவதற்குக் கை வலு வேண்டும். காற்று மூன்று மடங்கானால் அது தண்ணீரைத் தள்ளுகிற விசை ஏறத்தாழ ஒன்பது மடங்கு ஆகும். திருப்பிப் பார்த்தால், மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று செய்கிற வேலையில் ஒன்பதில் ஒரு பங்குதான் 50 கிலோமீட்டர் காற்று செய்யும். நவம்பர் 26, 27-ல் அது வெறும் தாழ்வு மண்டலம். குழந்தை போசியில் விரலை விட்டுக் கலக்கின மாதிரி. நின்றது நின்றதுதான், கலக்கவில்லை. அடுத்தது, அந்த நாளில் அங்கே கடல் 28, 29 டிகிரி. அரை டிகிரி, ஒரு டிகிரி இறங்கினால்கூட 26.5-க்கு மேலேதான் நிற்கும்.

மூன்றாவது வங்கக் கடலுக்கே உரிய குணம், இதைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று தென்மேற்குப் பருவமழையின் தண்ணீர் அத்தனையும் வந்து விழுகிற கடல் அது (நம் பவானியும் நொய்யலும் காவிரி வழியாகச் சேர்ப்பது எண்ணிக்கையில் வராது). நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் மேலே ஒரு மூடி மாதிரிப் படர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிற நீரோட்டம் அதை நம் கரை வரைக்கும் இழுத்து வரும். இந்த மூடிக்குக் கீழே இருப்பது கனமான உப்புநீர், ஆனால் குளிர்ந்த நீர் இல்லை, மேலே இருக்கிற அதே சூடுதான். கலக்குவதற்கும் ரொம்பக் கஷ்டம், கஷ்டப்பட்டுக் கலக்கினாலும் கிடைப்பது சூடான தண்ணீர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபசிஷ் சென்குப்தாவும் அவர் கூட்டாளிகளும் 2008-ல் இதை எழுதியிருக்கிறார்கள்: சித்திரை, வைகாசியில் வருகிற புயல் வங்கக் கடலை இரண்டு மூன்று டிகிரி குளிரவைக்கும், பருவமழைக்கு அப்புறம் வருகிற புயலோ அதே கடலின் வடபகுதியைக் குளிரவைப்பதே இல்லை. அரபிக்கடலில் இந்த மூடி இல்லை. 2017-ல் ஒக்கி கன்னியாகுமரியைத் தாண்டிப் போன தடத்தில் கடல் குளிர்ந்து பாசி பெருகினதைச் செயற்கைக்கோளிலேயே பார்க்க முடிந்தது.

நாலாவதாக ஒன்று, அதை எண்ணிக்கையில் சேர்க்கக்கூட வெட்கமாக இருக்கிறது. மழைக்குப் புயல் எதற்கு? செத்த புயல்தான் நம் பக்கம் மழையே கொண்டுவரும். கொங்குக்கு வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிற நல்ல மழையில் ஒரு பங்கு, கரையில் நொண்டியாகி உள்ளே தவழ்ந்து வருகிற தாழ்வுப் பகுதி தருவது. புயல் கடலில் செத்துவிடும் என்பதே சரியாக இருந்திருந்தாலும் தட்டு நனையாது என்று ஆகியிருக்காது.

இன்னொன்று மிச்சமிருக்கிறது, கீழே போன சூடு. விளாவினால் சூடு தொலைவதில்லை என்று சொன்னேன் அல்லவா? மேல்தண்ணீர் குளிர்ந்த அளவுக்கு அடித்தண்ணீர் சூடாகியிருக்கிறது. புயல் போனதும் வெயில் மேல்தடத்தை ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பழையபடி சூடாக்கிவிடும். ஆனால் அடியில் தள்ளின சூடு அங்கேயே இருக்கிறது. கூட்டிக் கழித்தால் புயல் கடந்த கடல் முன்பைவிட அதிகச் சூட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது! 2001-ல் கெரி இமானுவேல் என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, வெப்பமண்டலச் சூட்டைத் துருவப் பக்கம் கொண்டுசேர்க்கிற கடலோட்டங்களுக்கே புயல்களின் இந்தக் கலக்கல் ஒரு பெரிய உந்துதல் என்று எழுதினார். அதில் எவ்வளவு நிலைக்கிறது, எவ்வளவு அடுத்த குளிர்காலத்தில் திரும்ப மேலே வந்து காற்றோடு போய்விடுகிறது என்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இமானுவேல் பக்கம் சாய ஆசை, ஆனால் என் கணிப்பின் லட்சணம்தான் மேலே பார்த்தீர்களே.

போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கிணற்று மேட்டில் உட்கார்ந்து போசி, தூரி, ஜமுக்காளம் எல்லாம் வைத்து விளக்கினேன். அமுச்சி கையை விட்டுக் கலக்குவதைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், அவர் அம்மாவாச்சே. மற்றபடி வெற்றிலையை மென்றுகொண்டே முழுதும் கேட்டார்.

"அப்ப கலக்குனாத்தான் ஆறும்ங்கற, குடிச்சு இல்ல."

"ஆமாங் மாமா."

"நம்ம கடல்ல கார்த்திகைல கலக்குனாலும் ஆறாது."

"அவ்வளவா ஆறாதுங்."

"செரி. இந்த வருஷமும் கிழக்க எதாச்சு நின்னுதுன்னா, எனக்குப் போன் பண்ணி ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். ஈரோட்டுல இருந்து வர்றப்ப நல்ல தார்ப்பாயா ஒண்ணு வாங்கிட்டு வந்துரு."

வாங்கி வைத்திருக்கிறேன். நீலக் கலர், 24-க்கு 18.